கொல்லையில் நாய்களுக்குச் செயற்கைப் புல்: போட்டவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்

ஈரமண்

எங்கள் கொல்லை 6 மீட்டருக்கு 8 மீட்டர், வெறும் மண்தரை. இரண்டு நாய்கள். பெண் நாய் 28 கிலோ, ஆண் அதில் பாதி எடை. புல் விதைத்துப் பார்த்தோம், பிறகு புல் பத்தையே வாங்கிப் பதித்தோம், மூன்று மாதம் வேலி கட்டி நாய்களை உள்ளே விடாமல் காத்தோம். வேலியைப் பிரித்த இரண்டே வாரத்தில் மதிலோரம் ஓடி ஓடி ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது, நடுவில் வட்ட வட்டமாகக் கருகல். மழை பெய்தால் எட்டுக் கால் சேறும் வீட்டுக்குள்தான். ஒவ்வொரு முறையும் துடைத்து, உலர்த்தி, விரல் இடுக்கில் புண் வந்திருக்கிறதா என்று பார்த்து, உண்மையாகவே களைத்துப் போய்விட்டேன்.

செயற்கைப் புல் விற்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மண்ணைச் சமப்படுத்தி மேலேயே விரித்துவிடலாம், ஒரே நாள் வேலை என்கிறார். இவ்வளவு சுலபமா என்று சந்தேகமாக இருக்கிறது. நாற்றம் அடிக்குமா, வெயிலில் சுடுமா, பெண் நாய் பள்ளம் பறிக்கும் பழக்கம் உள்ளது, அது என்ன செய்யும்? நாய் வைத்துக்கொண்டு குறைந்தது ஒரு வருடமாவது பயன்படுத்தியவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

வால்ஆட்டி

மண் மேல் நேராக விரிக்காதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

முதல் நான்கு மாதம் அருமையாக இருந்தது. சேறு இல்லை, பார்க்கவும் அழகு. ஐந்தாம் மாதம் காலையில் கதவைத் திறந்தாலே கண் எரிகிற மாதிரி ஒரு வாடை. வாசனைத் திரவம் போட்டுக் கழுவினேன், இரண்டு நாள் தாங்கும், மறுபடி வந்துவிடும். கடைசியில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மண் கறுத்து, களி மாதிரி பிசுபிசுவென்று கிடந்தது. புல்லின் முதுகில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு துளை இருந்தது, பாதிக்கு மேல் அந்தக் களியே அடைத்திருந்தது. நான் மேலே ஊற்றிய தண்ணீரெல்லாம் கீழே இறங்கவே இல்லை, மூத்திரத்தைப் பக்கவாட்டில் பரப்பித்தான் விட்டிருக்கிறது.

இதன் காரணம் எளிது. புதிதாகப் பெய்த மூத்திரத்தில் வாடை அதிகம் இருக்காது. அதில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் வருகிறது. அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். மண் மேல் பிளாஸ்டிக் விரித்தால் இரண்டையும் நாமே கொடுத்துவிடுகிறோம். சாதாரண மண்ணில் இதே வேலை நடந்தாலும் செடி வேரும் மண்ணுயிர்களும் அந்த நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன, காற்றும் படுகிறது. மூடிய பிறகு அது எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் பிரித்து, மண்ணை வெட்டி வெளியே கொட்டி, ஜல்லி போட்டு மறுபடி விரித்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது குனிந்து முகர்ந்தால்தான் லேசாகத் தெரியும். புல் அதே புல்தான், மாற்றவில்லை, நன்றாகக் கழுவி வெயிலில் போட்டு அதையே விரித்தேன். அடியில் இருப்பதை மட்டும் மாற்றினேன்.

கல்லும்மண்ணும்

இந்த வேலைதான் செய்கிறேன், விளையாட்டுத் திடலும் போட்டிருக்கிறேன், வீட்டுக் கொல்லையும் போட்டிருக்கிறேன். மேலே சொன்னவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் புல்லின் நிறத்தையும் மென்மையையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள், அடித்தளத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நாய் இருக்கும் வீட்டில் பணத்தில் பெரும்பகுதி அடியில்தான் போக வேண்டும்.

நான் செய்யும் முறை இது. 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிடுவேன், களிமண் என்றால் 15. எடுத்த பிறகு அடிமண்ணிலேயே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, வைத்துவிட வேண்டும், மேலே வந்து சரிசெய்யலாம் என்று விட்டால் நடக்காது. மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வாட்டம், வீட்டுச் சுவரிலிருந்து விலகிப் போகிற திசையில். உங்கள் 6 மீட்டருக்கு மொத்தம் 6 முதல் 12 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நூல் கட்டி ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண்மதிப்பை நம்ப வேண்டாம். அந்த வாட்டம் போய் முடிகிற இடத்தில் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். மதிலில் போய் முட்டி நின்றால் நாற்றம் அங்கே குடியேறிவிடும். ஜல்லி நிரப்பிய ஒரு வாய்க்கால் ஓரமாக வெட்டினால் போதும்.

அப்புறம் களைத்தடுப்புத் துணி. இதை மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் போட வேண்டும். பலர் ஜல்லிக்கு மேல், புல்லுக்கு நேர் கீழே போடுகிறார்கள், நாய் இல்லாத வீட்டுக்கு அது பரவாயில்லை, நாய் வீட்டில் அந்தத் துணி மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துணிக்கு மேல் கூர்முனை உள்ள உடைத்த ஜல்லி, 20 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும். உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது, நடந்தால் நகரும். இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இடித்து இறுக்க வேண்டும், அதிர்வு இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. மேலே சமப்படுத்த 2 முதல் 6 மில்லிமீட்டர் பொடி ஜல்லி மெல்லிய அடுக்காக. மணலோ கல் தூளோ போடவே போடாதீர்கள். காலுக்கு நன்றாகச் சமமாக இருக்கும், ஆனால் அந்த நுண்தூள்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

புல் விரிக்கும் முன் ஒரு சோதனை: நான்கைந்து வாளித் தண்ணீரை அடித்தளத்தின் மேல் கொட்டுங்கள். எங்கேயாவது தேங்கினால் அந்த இடத்தை மறுபடி வேலை செய்யுங்கள். வேலையாட்கள் அவசரப்படுத்துவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஈரமண்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. மண் மேல் விரிக்கும் யோசனையை விட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். பின்வாசலை ஒட்டி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு சிமெண்ட் தளம் இருக்கிறது, அதை உடைக்கணுமா? அப்புறம் புல்லில் எது வாங்குவது? ஒருவர் 50 மில்லிமீட்டர் உயரம் பஞ்சு மாதிரி இருக்கும் என்கிறார்.

கல்லும்மண்ணும்

சிமெண்டை உடைக்க வேண்டாம், ஆனால் அதன் மேல் நேராக ஒட்டவும் கூடாது. அடியில் தண்ணீர் ஓட இடைவெளி தருகிற பிளாஸ்டிக் கட்டத் தகடுகள் இருக்கின்றன, மாடித் தோட்டத்துக்குப் போடுவார்களே அதே வகை. அதை வைத்து மேலே புல் விரித்தால் கழுவும் தண்ணீர் அடியில் ஓடிவிடும். தளத்துக்கு வாட்டம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பகுதியை ஒட்டாமல், எப்போது வேண்டுமானாலும் தூக்கிக் கழுவுகிற மாதிரி தனித் துண்டாக வைத்துக்கொள்வது நல்லது.

50 வேண்டாம். 25 முதல் 35 மில்லிமீட்டர் போதும். உயரமான இழை காலில் மென்மையாக இருக்கும், ஆனால் சாய்ந்து படுத்துவிடும், மலம் இழைக்குள் புதைந்தால் எடுக்கவே முடியாது. முதுகுப்பக்கம் பாருங்கள். லேடெக்ஸ் என்ற ரப்பர் பூச்சு பூசித் துளை போட்ட வகையில் துளை உள்ள இடத்தில் மட்டும்தான் தண்ணீர் இறங்கும், துளைக்கு நடுவே உள்ள இடமெல்லாம் ஈரமாகவே இருக்கும். முதுகு முழுவதும் நீர் இறங்கும் வகை தனியாக உண்டு. விலை கூடுதல்தான், நாய்க்கு அதுதான் சரி. மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, குழாயடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்தக் கேள்விக்கும் அதுவே பதில் சொல்லிவிடும். ஈயமும், எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் வகை வேதிப்பொருள்களும் இல்லை என்ற பரிசோதனை அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஓரத்துக்கு மட்காத சட்டம் பதித்து, அதில் துத்தநாகம் பூசிய ஆணி 15 சென்டிமீட்டருக்கு ஒன்று. பள்ளம் பறிக்கும் நாய் என்பதால் ஓரமாக அரை மீட்டர் அகலத்துக்குக் கம்பிவலையைப் புல்லுக்கு அடியில் போட்டுவிடுங்கள், வெட்டிய முனைகளை உள்பக்கமாக மடித்து. நாய் பொதுவாக நடுவில் பறிக்காது, ஓரத்திலும் இணைப்பிலும்தான் பல்லையும் நகத்தையும் வைக்கும். அதனால் முடிந்தவரை இணைப்பே இல்லாமல், குறைந்தது அவை ஓடும் வழியிலாவது இணைப்பு வராமல் விரிப்பை அமையுங்கள்.

பூவரசு

நான் மாற்றுக் கருத்துக்காரன், பொறுமையாகப் படியுங்கள்.

நாற்றத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், சூட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உயிருள்ள புல் தன் இலை வழியாக நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பாலிஎத்திலீன் இழைக்கு அது தெரியாது. நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், கடும் கோடையில் 70-க்கு மேலும் போகும். 60 டிகிரி என்பது சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும் சூடு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், கீழிருந்தும் சூடு ஏறினால் பாவம் அது என்ன செய்யும். முகம் தட்டையான இனங்களுக்கு இன்னும் ஆபத்து.

இன்னொன்று. 48 சதுர மீட்டர் மண்ணை மூடினால் அதில் இருக்கும் மண்புழு, எறும்பு, பூச்சி எல்லாவற்றின் வாழ்க்கையும் முடிந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் அந்தப் புல் குப்பைக்குத்தான் போகும், பல வகைப் பிளாஸ்டிக் ஒட்டிக் கிடப்பதால் மறுசுழற்சி செய்வது கடினம். அதுவரை உதிரும் இழைத்துகள் உங்கள் மண்ணில்தான் கலக்கும்.

கருகல் வட்டத்துக்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம். அது அமிலத்தால் வருவது என்று பலர் நினைத்து, நாய்க்கு மாத்திரை, பழச்சாறு என்று கொடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நைட்ரஜனும் உப்பும் ஒரே இடத்தில் அளவுக்கு மீறி விழுவதுதான் காரணம், உரம் அதிகம் கொட்டினால் செடி கருகுகிற மாதிரியேதான். கருகலைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் கரும்பச்சையாகச் செழித்திருக்கும், கவனித்துப் பாருங்கள், அங்கே அளவு சரியாக விழுந்திருக்கிறது. பெண் நாய்கள் குந்தி ஒரே இடத்தில் மொத்தமாகப் பெய்வதால் அவற்றுக்கு அதிகம் தெரிகிறது. பெய்தவுடன் ஒரு குவளைக்கு மூன்று நான்கு குவளை தண்ணீர் ஊற்றினாலே பெரும்பகுதி தப்பிவிடும்.

வால்ஆட்டி

பூவரசு, சூடு பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான், ஆனால் தண்ணீர் தெளித்தால் தணிந்துவிடுகிறதே. நான் மதியம் ஒரு முறை தெளிக்கிறேன்.

பூவரசு

தெளித்த உடனே தணியும், ஒப்புக்கொள்கிறேன். அரை மணி நேரம் கழித்துப் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நீர் தெளிப்பதைத் தீர்வாக நம்பி வெளியே போய்விட்டால், திரும்பி வரும்போது அந்த நாய் எங்கே நின்றுகொண்டிருக்கும்? நிழல் வேண்டும். நிழல் இல்லாத இடத்தில் இதைப் போடவே கூடாது என்பதுதான் என் கருத்து.

வால்ஆட்டி

இன்று நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். தெளித்து 25 நிமிடம் கழித்து, மதியம் இரண்டு மணிக்கு. நான்கு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. எங்கள் நாய் மதியம் தானாகவே மரத்தடிக்குப் போய்விடும் என்பதால் மூன்று வருடமாக நான் கவனிக்கவே இல்லை. நிழல் வலை கட்டப் போகிறேன்.

தடுப்பூசிஅட்டை

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். மருத்துவரின் இடத்தில் நின்று பேசவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கடிக்கும் பழக்கம் உள்ள நாயாக, குறிப்பாகக் குட்டியாக இருந்தால், முதல் சில வாரம் தனியாக விடாதீர்கள். இழை சீரணமாகாது. நூல் மாதிரி நீளமானது குடலில் சிக்கினால் குடல் சுருங்கி மடிந்து, அறுவைச் சிகிச்சைவரை போகும். வாந்தி, சாப்பிட மறுப்பது, மலத்தில் பச்சை இழை தெரிவது எல்லாம் உடனே காட்ட வேண்டியவை. ஆசனவாயில் இழை தொங்கினால் நீங்கள் பிடித்து இழுக்காதீர்கள்! உள்ளே எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் குடல் கிழியலாம்.

இழைக்கு நடுவில் நிரப்பும் பொருளாகப் பழைய டயர்த் துகள் வேண்டவே வேண்டாம், சூட்டையும் கூட்டும், நாய் விழுங்கவும் செய்யும்.

அடுத்தது மலம். பிளாஸ்டிக் புல்லில் புழு வராது என்று நினைக்கிறார்கள். கொக்கிப்புழு முட்டை மலத்தோடு வெளியே வந்து, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் பொரிந்து, அதிலிருந்து வரும் இளம்புழு ஒரு வாரம் சுமாருக்குள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும், தோல் வழியாகவே ஏறும், வெறுங்காலில் விளையாடும் குழந்தைக்கும்தான். அதனால் அன்றன்றே எடுங்கள். இளக்கமாகப் போயிருந்தால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் உள்ளே இறங்கும், காயவிட்டுச் சுரண்டி எடுத்துப் பிறகு கழுவுங்கள்.

நாய்க்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸ் வந்த வீடாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அந்த வைரஸ் வெளியே பல மாதம், ஒரு வருடத்துக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கும், சாதாரணக் கிருமிநாசினிக்கு அடங்காது. வழவழப்பான தரையை பிளீச் கரைசலால் சுத்தம் செய்யலாம், இழையும் துகளும் உள்ள புல்லை அப்படிச் செய்வது மிகக் கடினம். தடுப்பூசி முடியாத குட்டியை அந்தப் புல்லில் விட வேண்டாம்.

மாலைநடை

நாங்கள் வாரம் ஒருமுறை பிளீச் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம், வாடை போய்விடுகிறது, இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

தடுப்பூசிஅட்டை

மாலைநடை, தயவுசெய்து நிறுத்துங்கள். மூத்திரத்தின் அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும், உங்களுக்கும் நாய்க்கும் மூச்சுக்குழாய் எரியும். நாயின் மூக்கு அந்தப் புல்லுக்கு ஓர் அங்குல உயரத்தில்தான் இருக்கிறது.

மாலைநடை

இது தெரியாது. ஊற்றிய அன்று நாய் தும்மிக்கொண்டே இருக்கும், தூசி என்று நினைத்தேன். அப்படியானால் எதைத்தான் பயன்படுத்துவது?

வால்ஆட்டி

தண்ணீர்தான் முதல் மருந்து. வெயில் காலத்தில் தினமும், மற்ற நாள்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, மூத்திரம் பெய்யும் இடத்தில் மட்டும் நிறைய ஊற்றினால் போதும். மாதம் ஒருமுறை, மூத்திரக் கழிவைச் சிதைக்கும் என்சைம் கலவை போடுகிறேன். அதைத் தெளித்தவுடன் கழுவிவிடக் கூடாது, புட்டியில் சொன்ன நேரம் ஈரமாகவே விட்டால்தான் வேலை செய்யும், மாலையில் தெளித்தால் காயாமல் இருக்கும். அவசரத்துக்கு வினிகரைத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம், அம்மோனியாவைச் சமன்செய்யும். ஆனால் பிளீச் ஊற்றிய இடத்தில் வினிகர் ஊற்றாதீர்கள், அதுவும் நச்சு வாயுதான், முதலில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

கல்லும்மண்ணும்

நிரப்பும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜியோலைட் என்ற எரிமலைக் கனிமம் அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும், மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் போடுகிறேன். உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அதற்கும் கொள்ளளவு உண்டு, நிறைந்துவிட்டால் பிடிக்காது. அலசாமல் விட்டால் ஜியோலைட்டே நாற்றத்தின் களஞ்சியம் ஆகிவிடும். வடிகாலுக்குப் பதிலாக ஜியோலைட் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், எதிரே பெரிய கண்ணாடிச் சன்னல் இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் வெயில் இழையை உருக்கிவிடும். ஒரு வீட்டில் நேர்கோடாக ஒரு பட்டை மட்டும் சுருண்டு கிடந்தது, நாய் கடித்ததாக நினைத்து என்னை அழைத்தார்கள்.

ஈரமண்

எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தோம். முடிவு இது. கொல்லை முழுவதும் போடவில்லை. வீட்டை ஒட்டிய 24 சதுர மீட்டர் மட்டும், அதில் மதியத்துக்குப் பிறகு சுவர் நிழல் விழுகிறது, மேலே நிழல் வலையும் கட்டுகிறோம். ஜல்லி 10 சென்டிமீட்டருக்கு 2.4 கன மீட்டர் வருகிறது. மீதிப் பாதியில் மதிலோரம் நாய்கள் ஓடும் பாதையை அப்படியே விட்டு அதில் மரச்சீவல் கொட்டப் போகிறோம். ஓடுவதை நிறுத்த முடியாது என்றால் ஓடட்டும்.

பூவரசு

பாதி மண்ணாவது மூச்சு விடும், மகிழ்ச்சி. கோகோ ஓடு கலந்த சீவல் மட்டும் வேண்டாம், சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் அதிலும் உண்டு, நாய்க்கு நஞ்சு. மரத்தடியில் திமிசு போடாதீர்கள், வேர் மூச்சுத் திணறிவிடும்.

ஈரமண்

ஏழு மாதம் கழித்து வருகிறேன், கேட்டு ஓடிவிடுகிற ஆள் ஆகக் கூடாது என்று.

வேலை ஒரு நாள் இல்லை, நான்கு நாள் ஆனது. வாளித் தண்ணீர் சோதனையில் இரண்டு இடம் தேங்கியது, மேஸ்திரி பரவாயில்லை என்றார், நான் விடவில்லை. முதல் இரண்டு வாரம் இரண்டு நாயும் புல்லில் படுத்தன, உருண்டன, மூத்திரம் மட்டும் பெய்யவில்லை, அடக்கிக்கொண்டு மண்ணுக்கு ஓடின. பெண் நாய் மண்ணில் பெய்த இடத்தில் ஒரு துணியை ஒற்றி, அதைப் புல்லின் மூலையில் வைத்தேன், மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆண் இன்னும் மரத்தடிக்குத்தான் போகிறது, விட்டுவிட்டேன்.

ஒரு ஆணி கிளம்பியிருந்ததை நேற்றுத்தான் பார்த்தேன், காலில் குத்தும் முன்னே. மாதம் ஒருமுறை ஓரம் முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்தது, வாடை இல்லை. கோடை இன்னும் வரவில்லை, வந்ததும் புறங்கை வைத்துப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.

வால்ஆட்டி

நிழல் வலையை வடக்குத் தெற்காகச் சரித்துக் கட்டினீர்களா, தட்டையாகவா? எனக்குத் தட்டையாகக் கட்டியதில் மழைத் தண்ணீர் தொட்டி மாதிரி நின்று ஒரு கம்பமே சாய்ந்துவிட்டது.

ஈரமண்

சரித்துத்தான். ஜல்லி வாய்க்கால் இருக்கும் பக்கமாக.